அத்தியாயம் 6: சிலிகான் அச்சில் ஒரு கற்பனைத் துப்பாக்கி

1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ தொடையோடு கட்டிய உறையில் வைத்திருக்கும் துப்பாக்கிக்கு டிஎல்-44 என்று பெயர். கதை நடப்பது வேறொரு விண்மீன் கூட்டத்தில் என்றாலும் அந்தத் துப்பாக்கி பூமியில் செய்ததுதான். படத்தின் செட் அலங்காரப் பொறுப்பில் இருந்த ராஜர் கிறிஸ்டியன், லண்டனில் சினிமாவுக்கு ஆயுதங்களை வாடகைக்கு விடும் பாப்டி நிறுவனத்தின் கிடங்கிலிருந்து பழைய துப்பாக்கிகளை எடுத்து, அவற்றின்மேல் உதிரிப் பாகங்களைப் பொருத்தி விண்வெளி ஆயுதங்களாக மாற்றினார். ஹான் சோலோவுக்குக் கிடைத்தது ஜெர்மனியின் மவுசர் சி96. அதன் கைப்பிடி துடைப்பக் கட்டையின் முனைபோல உருண்டு இருப்பதால் ‘துடைப்பக் கட்டை’ என்றே அதற்கு ஆங்கிலத்தில் பட்டப்பெயர். இளம் அதிகாரியாக வின்ஸ்டன் சர்ச்சில் 1898இல் ஓம்துர்மான் போரில் வைத்திருந்ததும் இதே வகைதான்.

படத்தில் பயன்பட்ட டிஎல்-44களில் ஒன்று 2022இல் அமெரிக்காவில் 10 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நமக்கு அது எட்டாது. நாம் செய்யப்போவது அரை கிலோவுக்கும் குறைவான ரெசின் கட்டி. ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பவர் “அட, ஹான் சோலோ!” என்று சொன்னால் போதும்.

இந்த அத்தியாயத்துக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அச்சு எடுப்பதில் வரக்கூடிய தொல்லைகள் எல்லாமே இந்த ஒரு பொருளில் இருக்கின்றன: விசையைச் சுற்றி வளையம், உருண்ட குழல், வரிவரியான மரப்பிடி, துருத்தும் தொலைநோக்கி. இதற்கு அச்சு எடுக்கக் கற்றுக்கொண்டால் வாள்பிடி, கிரீடம், கவசக் கொக்கி எல்லாம் சுலபம்.

மாஸ்டர்

அச்சு எடுக்கப்படும் மூலப்பொருளை மாஸ்டர் என்கிறோம். மரம், எம்டிஎஃப், பிவிசி குழாய் ஆகியவற்றை ஒட்டிச் செய்வதையும் 3டி பிரிண்டரில் எடுப்பதையும் போன அத்தியாயங்களில் பார்த்தோம். எதில் செய்தாலும் சரி, உண்மைத் துப்பாக்கி எதையும் மாஸ்டராக வைக்காதீர்கள். அதற்கு அவசியமும் இல்லை. நமக்கு வேண்டியது வெளி உருவம் மட்டும். விசை, குழல், பிடி எல்லாம் அசையாத ஒரே கட்டியாக இருக்கட்டும். குழல் வாயில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழிவு போதும். உள்ளே போகும் துளை வேண்டாம். மேலே பெயின்ட் கறுப்பாக இருந்தால் அந்தக் குழிவே ஆழமான துளைபோலத் தெரியும்.

தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு அதற்குத் தனியாகச் சின்ன அச்சு எடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே அச்சில் எடுக்க முயன்றவர்கள் எல்லோரும் இரண்டாவது முறை தனித்தனியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பிடியின் அடியில் இருக்கும் வாருக்கான இரும்பு வளையத்தையும் எடுத்துவிடுங்கள். வார்த்து முடித்தபின் ஒரு சாவி வளையத்தை மாட்டிக்கொள்ளலாம்.

சிலிகான் எதையும் மன்னிக்காது. மாஸ்டரில் உங்கள் கட்டைவிரல் ரேகை இருந்தால் வார்ப்பிலும் அதே ரேகை வரும். பிரிண்டர் விட்ட படிக்கோடுகள், புட்டியில் இருக்கும் ஊசிமுனைத் துளை, ப்ரைமர் வழிந்த துளி, எல்லாம் அப்படியே வரும். பளபளப்பும் இப்படித்தான்: மாஸ்டர் மினுமினுத்தால் வார்ப்பும் மினுமினுக்கும், மங்கலாக இருந்தால் மங்கலாகவே வரும். 400, பிறகு 800 எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து, ப்ரைமர் அடித்து, ஜன்னலோரம் சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு குறையை மாஸ்டரில் ஒரு தடவை சரிசெய்வதா, ஒவ்வொரு வார்ப்பிலும் சரிசெய்வதா என்பதுதான் கேள்வி.

கோடு

நம் ஊர் கொலு பொம்மையைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். காதுக்குப் பின்னால் ஆரம்பித்துத் தோள் வழியாகப் பீடம்வரை மெல்லிய தழும்பு ஒன்று இறங்கும். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. அவை சேர்ந்த இடம் அது. பொம்மைக்காரர் அந்தக் கோட்டை மூக்கின் நடுவே ஓடவிடுவதில்லை. காது, கூந்தல், சேலை மடிப்பு என்று கண் தங்காத இடமாகப் பார்த்து ஒளித்துவிடுவார்.

இரண்டு துண்டு அச்சில் பாதி வேலை இந்தக் கோட்டைத் தீர்மானிப்பதுதான். சிலிகானை ஊற்றுவது யாருக்கும் வரும்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை கோடு முதுகெலும்பு வழியாகப் போக வேண்டும். குழலின் உச்சி நடுவில் ஆரம்பித்து, முன்குறியின் நடுவாக, பின்பக்கச் சுத்தியல் வழியாக, பிடியின் பின்முதுகில் இறங்கி, அடிப்பாகத்தைச் சுற்றி, முன்முதுகில் ஏறி, விசை வளையத்தின் நடுவாக, விசைக்கு முன்னால் தொங்கும் தோட்டாப் பெட்டியின் அடிவழியாகக் குழல்வாய்க்கு வந்து முடியும். பென்சிலை எடுத்து மாஸ்டர்மேலேயே இந்தக் கோட்டை வரையுங்கள். வரையும்போதே எங்கே சிக்கல் என்று தெரிந்துவிடும். கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும்போது எந்த இடமாவது கொக்கிபோல மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், அங்கே கோட்டைச் சற்று வளைக்கலாம். சிலிகான் நெளியும் பொருள் என்பதால் சின்னக் கொக்கிகளை அது பொறுத்துக்கொள்ளும். பிளாஸ்டர் அச்சாக இருந்தால் மாஸ்டர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

எந்தச் சிலிகான்

கடையில் இரண்டு வகை கிடைக்கும். தகரம் சேர்ந்த ஹார்டனரில் இறுகுவது ஒன்று, பிளாட்டினத்தில் இறுகுவது மற்றொன்று. பைபர்கிளாஸ் சாமான் விற்கும் கடைகளில் ‘ஆர்டிவி’ என்று கேட்டால் பெரும்பாலும் முதல் வகையைத்தான் தருவார்கள். விலை குறைவு, முரடு. இறுகும்போது லேசாகச் சுருங்கும், சில வருடங்களில் பொறுக்குத்தட்டிக் கிழியும். ஆனால் எதன்மேல் ஊற்றினாலும் இறுகிவிடும்.

பிளாட்டினம் வகை சுருங்காது, பல வருடம் உழைக்கும். ஆனால் அதற்கு ஒவ்வாமை அதிகம். கந்தகம் கலந்த மாடலிங் களிமண், லேடெக்ஸ் கையுறை, தகரச் சிலிகான் கலக்கிய கிண்ணம், ஒளியில் இறுகும் பிரிண்டர் ரெசின், இவற்றில் ஒன்று பட்டாலும் பட்ட இடம் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். ரெசின் பிரிண்டில் எடுத்த ஒரு மாஸ்டர்மேல் அவசரத்தில் பிளாட்டினம் சிலிகானை ஊற்றிவிட்டு, மறுநாள் வெல்லப்பாகுபோல ஒட்டிக்கொண்டிருந்ததைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு நாள் தேய்த்திருக்கிறேன். முதல் அச்சுக்குத் தகர வகையே போதும். கெட்டித்தன்மை ஷோர் ஏ அளவில் 20க்கும் 30க்கும் இடையே இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் அச்சு தொளதொளத்து உருவம் கோணும். மேலே போனால் விசை வளையத்திலிருந்து உரிக்கும்போது கிழியும்.

களிமண் படுக்கை

மாஸ்டரைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பென்சில் கோடுவரை களிமண்ணில் புதைக்க வேண்டும். மேலே தெரிவது சரியாகப் பாதி. களிமண் மாஸ்டரைத் தொடும் இடத்தில் இடைவெளியோ வழிசலோ இல்லாமல் செங்குத்தாக முட்டி நிற்க வேண்டும். ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி அந்த ஓரத்தை வழித்து வழித்துச் சரிசெய்யுங்கள். ஒரு முழு மாலை இதற்கே போகும். நான் ரேடியோ போட்டுக்கொண்டு உட்காருவேன். இந்த ஓரம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு மெல்லியதாக வார்ப்பில் கோடு விழும்.

விசை வளையத்துக்குள்ளும் களிமண் வேண்டும், பாதி உயரத்துக்கு. புதியவர்கள் மறக்கும் இடம் இது. அங்கே களிமண் இல்லாவிட்டால் முதல் பாதிச் சிலிகான் வளையத்துக்குள் முழுக்க இறங்கி, விசையைச் சுற்றிப் பூட்டிக்கொள்ளும்.

பிறகு பூட்டுக் குழிகள். மூடிய மார்க்கர் பேனாவின் உருண்ட முனையால் மாஸ்டரைச் சுற்றி 3 செ.மீ.க்கு ஒன்றாகக் களிமண்ணில் அரைக்கோளக் குழி போடுங்கள். இவைதான் இரண்டு பாதிகளும் பின்னால் வழுக்காமல் சரியாக உட்கார உதவும். இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டாம். இடமும் வலமும் தெரியாமல் குழம்பாதிருக்க ஒரு மூலையில் மட்டும் இரண்டு குழிகளை நெருக்கமாகப் போட்டுவையுங்கள்.

ஊற்றுவாய் பிடியின் அடியில். அங்கே கட்டைவிரல் தடிமனில் ஒரு களிமண் புனலை வைத்துப் பெட்டியின் ஓரம்வரை கொண்டுபோங்கள். வெட்டிய தழும்பு அடியில் விழுந்தால் கண்ணில் படாது. வார்க்கும்போது துப்பாக்கி தலைகீழாக, பிடி மேலே பார்த்து நிற்கும். அந்த நிலையில் மேலே நீட்டி நிற்கும் மற்ற இடங்கள் இரண்டு: விசை வளையத்தின் வளைவு, தோட்டாப் பெட்டியின் அடி. காற்று அங்கே போய்ப் பதுங்கும். அந்த இரண்டு இடத்திலிருந்தும் ஆளுக்கொரு ஈர்க்குச்சியைக் களிமண்மேல் பாதி புதைத்து, ஊற்றுவாய் இருக்கும் பக்கமாகவே ஓரம்வரை ஓடவிட்டால் காற்றுப்போக்கி தயார்.

பெட்டியும் கணக்கும்

ஃபோம் போர்டு, சன்மைக்கா ஒட்டிய பலகை, குழந்தைகளின் லெகோ கட்டைகள், எது கிடைத்தாலும் சுவர் எழுப்பலாம். மூட்டுகளை ஹாட் குளூவால் அடையுங்கள். சிலிகான் தேனைப்போலத் தெரிந்தாலும் ராத்திரி முழுக்க நேரம் இருப்பதால் குண்டூசித் துளை கிடைத்தாலும் ஒழுகி வெளியே வந்துவிடும்.

நம் மாஸ்டர் தொலைநோக்கி இல்லாமல் நீளம் 28, உயரம் 15, தடிமன் 4 செ.மீ. என்று வைப்போம். சுற்றிலும் 1.5 செ.மீ. சுவர் விட்டால் பெட்டி 31×18×7, அதாவது ஏறக்குறைய 3,900 கன செ.மீ. மாஸ்டரின் பருமன் 450 போக மீதி 3,450. சிலிகானின் அடர்த்தியை 1.2 என்று வைத்தால் 4 கிலோவுக்கு மேல் வேண்டும். பில்லைப் பார்த்தால் ஹான் சோலோ வேடமே வேண்டாம் என்று தோன்றும்.

அதனால் செவ்வகப் பெட்டி கட்டாதீர்கள். துப்பாக்கியின் உருவத்தையே பின்பற்றி, ‘ட’ எழுத்தைப்போல மடங்கிய பெட்டி கட்டுங்கள். குழலும் தோட்டாப் பெட்டியும் இருக்கும் பகுதி 31×10×7, பிடி இறங்கும் பகுதி 7×8×7. கூட்டினால் 2,560, மாஸ்டரைக் கழித்தால் சுமார் 2,100. எடை இரண்டரை கிலோ. நாலு அட்டைத் துண்டுகளைக் கூடுதலாக வெட்டியதில் ஒன்றரை கிலோவுக்கு மேல் மிச்சம். மாஸ்டரின் பருமன் தெரியாவிட்டால், அதைப் பாலித்தீன் உறையில் சுற்றி, நிரம்பிய வாளித் தண்ணீரில் முக்கி, வழிந்த தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்.

ஊற்றுதல்

ஹார்டனரைக் கண்ணளவில் விடாதீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தை எடையாக அளக்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும், ஆனால் அச்சின் ஆயுள் குறையும். கலக்கும்போது கிண்ணத்தின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்கி, பிறகு வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். முதல் கிண்ணத்தின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது அச்சுக்குள் போனால் அந்த இடம் என்றைக்கும் காயாது.

டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம் ஊரில் அப்படியே நம்ப வேண்டாம். அது 23 அல்லது 25 டிகிரிக்கு எழுதியது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். மே மாத மத்தியானத்தில் 40 நிமிடம் என்று போட்டிருப்பது 20 நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் ஊற்றுவது நல்லது.

முதலில் கொஞ்சத்தை எடுத்து, மென்மையான பிரஷ்ஷால் மாஸ்டர் முழுக்கத் தடவுங்கள். பிடியின் வரிகளிலும் விசையின் இடுக்கிலும் குத்திக் குத்தித் தடவ வேண்டும். காற்றுக்குமிழி வார்ப்பைக் கெடுப்பது இந்த முதல் தோலில்தான். மேலே இருக்கும் குமிழிகளால் ஒன்றும் ஆகாது. மீதியைப் பெட்டியின் ஒரு மூலையில், ஒன்றரை அடி உயரத்திலிருந்து நூல்போல விடுங்கள். ஆத்தும் டீக்கு நேர்மாறு: அங்கே நுரை வேண்டும், இங்கே கூடாது. மெல்லிய தாரையாக நீளும்போது குமிழிகள் இழுபட்டு உடையும். மாஸ்டர்மேல் நேரடியாக ஊற்றாமல் மூலையில் ஊற்றினால் சிலிகான் தானாக ஊர்ந்து வந்து, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஏறும்.

இறுகியதும் பெட்டியைத் திருப்பிப்போட்டு, அடிப்பக்கச் சுவரை மட்டும் பிரித்து, களிமண் முழுவதையும் எடுங்கள். மாஸ்டர் முதல் பாதிச் சிலிகானிலேயே இருக்கட்டும், அசைக்காதீர்கள். ஊற்றுவாய்ப் புனலும் ஈர்க்குச்சிகளும் அப்படியே இருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் களிமண் துணுக்குகளை இயர்பட்ஸால் துடையுங்கள்.

அடுத்து வருவதை மறந்தால் அதுவரை செய்த வேலை எல்லாம் வீண். சிலிகான் பெரும்பாலான பொருட்களோடு ஒட்டாது, ஆனால் சிலிகானோடு ஒட்டும். முதல் பாதியின் மேல்பரப்பு முழுவதும், குழிகளிலிருந்து வந்த முட்டுகள் உட்பட, வாசலைனை மிக மெல்லிதாகத் தடவுங்கள். ஸ்பிரே ரிலீஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரஷ்கோடு விழும் அளவுக்கு அப்பாதீர்கள், அந்தக் கோடும் பதியும். என் மூன்றாவது அச்சில் கரண்ட் போனது. டார்ச் வெளிச்சத்தில் ‘தடவிவிட்டேன்’ என்று நினைத்து ஊற்றினேன். மறுநாள் கையில் கிடைத்தது மாஸ்டரை விழுங்கிய ஒற்றைச் சிலிகான் செங்கல். அதைக் கத்தியால் கோட்டைத் தேடித் தேடி அறுத்துத் திறந்தேன். அந்த அச்சில் எடுத்த துப்பாக்கிகளுக்கெல்லாம் முதுகில் ஒரு கோணல் வடு உண்டு.

இரண்டாம் பாதியும் இறுகியபின் பெட்டியை உடைத்து, ஓரத்திலிருந்து மெல்லத் திறந்து, மாஸ்டரை எடுங்கள். தகரச் சிலிகான் இறுகும்போது ஆல்கஹாலை வெளியிடும். அது முழுக்கப் போக ஓரிரு நாள் காற்றாட வைத்துவிட்டுத்தான் ரெசின் ஊற்ற வேண்டும்.

வார்ப்பு

பாலியூரித்தேன் ரெசினே இதற்குச் சரி. இரண்டு திரவம்; பல பிராண்டுகளில் சம அளவு. கலந்தால் 3 நிமிடத்தில் கெட்டியாக ஆரம்பிக்கும், கால் மணியில் எடுத்துவிடலாம். ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. கடற்கரை ஊர்களில் ஐப்பசி மழைநேரத்தில் டப்பாவைத் திறந்துவைத்தால், அடுத்தமுறை ரெசின் இட்லி மாவாகப் பொங்கும். கலக்கும் குச்சி மரமாக இருந்தால் அதில் இருக்கும் ஈரமே போதும். பிளாஸ்டிக் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். பைபர்கிளாஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினிலும் வார்க்கலாம். நாற்றம் தெருவுக்கே அடிக்கும், சிலிகானையும் சீக்கிரம் அரித்துவிடும்.

இரண்டுமே மூச்சுக்குக் கெடுதல். பாலியூரித்தேனில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. துணி மாஸ்க்கோ என்95 மாஸ்க்கோ ஆவியைத் தடுக்காது. பெயின்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், நைட்ரைல் கையுறை, திறந்த மொட்டைமாடி. குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அச்சின் உட்புறத்தில் குழந்தைகளுக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறுங்கள். அந்த மெல்லிய பவுடர் ரெசினைச் சின்னச் சின்ன மூலைகளுக்குள் இழுத்துப் போகும். இரண்டு பாதிகளையும் மூடி, இருபுறமும் பிளைவுட் வைத்து, சைக்கிள் டியூபை நறுக்கிய பட்டைகளால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் குழல் சப்பையாகும். ஒழுகாத அளவுக்கு இறுக்கினால் போதும். பிடி மேலே இருக்க, குழல்வாய் ஒரு விரல் கீழே சாய்ந்திருக்குமாறு நிறுத்தி, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். இரண்டு ஈர்க்குச்சித் துளைகளிலும் ரெசின் எட்டிப் பார்க்கும்வரை பக்கங்களை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் வார்ப்பு நன்றாக வராது. எங்கே குமிழி விழுந்தது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து பிளேடால் சிலிகானில் இன்னொரு காற்றுப்போக்கி கீறுங்கள். மூன்றாவதிலிருந்து சரியாகும். முழுக்கட்டி ஒன்றுக்குச் சுமார் 470 கிராம் ரெசின் செலவாகும். உண்மையான மவுசரின் எடையில் இது பாதிகூட இல்லை; நாள் முழுக்க இடுப்பில் சுமக்க அதுவே சௌகரியம். இரும்பு நிறம் வேண்டுமானால் ரெசினில் கறுப்புச் சாயம் கலந்து வார்த்து, கிராஃபைட் தூளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். பெயின்ட் எதுவும் அந்தக் குளிர்ந்த மினுமினுப்பைத் தராது.

வெளியே எடுத்துப் போகும்போது

செய்நேர்த்தி கூடக்கூட ஆபத்தும் கூடும். உங்களுக்கு இது ஹான் சோலோவின் துப்பாக்கி. இரவுநேரப் போலீஸ்காரருக்கும் ரயில் நிலையக் கூட்டத்துக்கும் இது துப்பாக்கி, அவ்வளவுதான். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பொம்மை, போலித் துப்பாக்கிகளின் குழல்வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு அடைப்பு, வாயிலிருந்து 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாமல், நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் அசலைப்போலவே தெரியும் போலிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. நாடகம், சினிமா போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. விதி எப்படி இருந்தாலும் நான் ஒவ்வொரு வார்ப்பிலும் அந்த 5 மில்லிமீட்டர் குழிவை ஆரஞ்சு ரெசினால் அடைத்துவிடுவேன். போட்டோ எடுக்கும்போது கறுப்பு ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து அரங்கம்வரை மூடிய பையில் போகட்டும். உறையில் செருகிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். வாசல் சோதனையில் நீங்களாகவே எடுத்துக் காட்டுங்கள். விளையாட்டுக்கும் யார்மேலும் குறிவைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அச்சை வெறுமையாக வைத்தால் சில மாதங்களில் தன் எடையிலேயே கோணிக்கொள்ளும். சுமாராக வந்த ஒரு வார்ப்பை உள்ளே வைத்து மூடி, பிளைவுட்டோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஊற்றிய தேதியை மார்க்கரால் எழுதி, வெயில் படாத அலமாரியில் படுக்கவையுங்கள். தொலைநோக்கியின் அச்சையும் அதே பையில் போடுங்கள். எனக்கு அது தனியாகத் தொலைந்திருக்கிறது.